தேதியை மறைத்த கட்டைவிரல்

பெயர்: ஸ்கேனர். வயது: இருபத்தைந்து. இருக்கும் இடம்: பின்னறை, இரும்பு அலமாரி முன்னால். கண்ட தவறு: நாற்பத்தொன்றாம் இதழைக் காணவில்லை. படிப்பவரிடம் வேண்டுகோள்:

வியாழன், காலை 9.10. கடைசி வரிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ஃபோனை வாயருகிலிருந்து இறக்கினான் அவன். விரலால் அடித்து எழுதுவது அவனுக்கு ஆமை நடை. வீட்டுக்குப் போகும் செய்தியோ ஆபீஸ் படிவமோ, எதையும் வாயால் சொல்லித்தான் எழுதுவான். வீட்டில் அவன் சின்னவன். கடல் தாண்டி வந்து எட்டு மாதமாக இந்த ஆபீசில் பழைய இதழ்களை ஸ்கேன் செய்வதால் இங்கே ஸ்கேனர்.

யார் எந்தத் தவறைக் கண்டாலும் முதலில் படிவம், அப்புறம்தான் பேச்சு. 'திறந்த பெட்டி' பத்திரிகையில் அது எழுதாத சட்டம்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் நிரல் என்றால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று பித்துப் பிடித்த நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த பத்திரிகை அது. முதல் இதழ் பன்னிரண்டு பக்க ஜெராக்ஸ். முதலில் வைக்க நினைத்த பெயர் 'மூலம்'. அச்சகக்காரர் இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, வைத்தியப் பத்திரிகையா என்று கேட்டாராம். அன்று சாயங்காலமே பெயர் மாறியது. பிறகு வண்ண அட்டை வந்தது. பின்னட்டைப் பையில் சிடி வந்தது. இன்டர்நெட் எட்டிப் பார்க்காத காலத்தில் அந்த சிடிக்காகத் தபால்காரரை வாசலில் மறித்த வாசகர்கள் உண்டு. இருநூற்று ஐம்பத்திரண்டு இதழோடு அச்சு நின்றது. மீதியெல்லாம் திரையில்தான். இப்போது முந்நூறாவது இதழ், பத்திரிகையின் முழு வரலாற்றோடு, மறுபடி காகிதத்தில் வரப்போகிறது. அதற்காகத்தான் பழைய இதழ்களைக் கடைசியிலிருந்து முதலை நோக்கி ஸ்கேன் செய்கிற வேலை.

எது மாறினாலும் ஒரு பக்கம் மாறவில்லை. 'நாங்கள் செய்த தவறுகள்'. போன மாதம் அச்சான பிழை எதுவோ, அதைச் செய்தவர் யாரோ, பெயரோடு வரும். அந்தப் பக்கத்தை இருபது வருஷமாகக் கவனிப்பவர் பிழையக்கா. ஆரம்பத்தில் அவரும் வாசகிதான். 'கால்புள்ளி' என்று கையெழுத்துப் போட்டு, மாதம் தவறாமல் ஆபீசுக்குக் குற்றப்பத்திரிகை அனுப்பியவர். இந்தத் தொல்லைக்கு உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பதே மேல் என்று முதல் ஆசிரியர் கூப்பிட்டுவிட்டார்.

படிவத்தைப் பார்த்துவிட்டு எடிட்டர் பின்னறைக்கு வந்தார். காலியான இடத்தில் விரலை விட்டுத் துழாவினார்.

"எடுத்துக்கோ, நகல் எடுத்துக்கோன்னு அட்டையிலயே அடிச்சிருக்கோம். இதைப் போய் எவன்யா திருடுவான்?"

பின்னாலேயே லேஅவுட் அண்ணன் வந்தார். பக்க வடிவமைப்பு அவர் கை. முதல் இதழிலிருந்து ஆபீசில் இருப்பவர் அவர் ஒருவர்தான். ஸ்கேனருக்குக் குளிருக்குப் போட்டுக்கொள்ளத் தன் பழைய கோட்டைக் கொடுத்தவர். எந்த வேலை இருந்தாலும் நாலு மணி டீயை யாரையும் தொடவிடாமல் தானே எடுத்துவந்து பிழையக்கா மேஜையில் வைப்பவர். ஒரு பழைய இதழ்தானே, எங்கேயாவது செருகியிருக்கும், இதற்குப் போய் ஏன் இவ்வளவு என்றார்.

பிழையக்கா கடைசியாக வந்தார். "எந்த இதழ்?"

"நாப்பத்தொண்ணு க்கா."

அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

9.30. இதழ்ப் பட்டியலைத் திறந்தார்கள். அந்த ஆபீசில் டீ கணக்கைத் தவிர எல்லாமே பதிவாகும் என்று கேலி செய்வார்கள். பட்டியலில் ஒரு வரியை மாற்றினாலும், பழைய வரி அழியாமல் அடியில் கிடக்கும், மாற்றியவர் பெயரும் நேரமும் கூடவே நிற்கும். நாற்பத்தொன்றுக்கு எதிரே 'உள்ளது' என்று இருந்த வரி இப்போது 'ஆரம்பத்திலிருந்தே நம்மிடம் இல்லை' என்று மாறியிருந்தது. மாற்றிய நேரம்: புதன் மாலை 6.40. மாற்றியவர்: ஸ்கேனர்.

தான் மாற்றவில்லை என்றான். இரண்டு நாளாக ஸ்கேன் மெஷின் ரிப்பேர். நேற்று ஐந்து மணிக்குத்தான் சரியானது. அடுத்து வரவேண்டிய நாற்பத்தொன்று இடத்தில் இருக்கிறதா என்று அப்போது பார்த்தான், இருந்தது. அவன் சொல்லச் சொல்ல, அது தனக்கே எதிராகத் திரும்புவது அவனுக்கே தெரிந்தது. கடைசியாகப் பார்த்தவனும் அவன்தானே.

எடிட்டர் விரல் மடக்கினார். நேற்று ஸ்கேனர் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டான். மற்ற மூவரும் ஆறரைக்கு ஒன்றாகப் படியிறங்கினார்கள். பூட்டியது எடிட்டர், சாவி அவர் சட்டைப்பையில். 6.40க்கு ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே ஈ காக்கை இல்லை. அந்த நேரத்தில் வெளியே, லேப்டாப்போடு இருந்தவன் ஒருவன்தான்.

"பையைக் காட்டு தம்பி."

பையில் நாற்பத்தொன்று இல்லை. நாற்பத்திரண்டு இருந்தது.

அந்த நிமிஷம் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. திங்கட்கிழமை ஸ்கேன் செய்ததைத் திருப்பி வைக்கவில்லை என்றான். எதற்கு வீட்டுக்குக் கொண்டுபோனாய் என்றார் எடிட்டர். அவன் கை ஃபோன் பக்கம் போனது. பிழையக்கா கையை நீட்டினார். அவன் ஃபோனைத் திறந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தான்.

படத்தில் அவன் சிரித்துக்கொண்டு, நாற்பத்திரண்டாம் இதழின் நடுப்பக்கத்தைப் பிடித்திருந்தான். 'எழுத்துரு மாற்றி பிறந்த கதை'. எழுதியவர்: ஒட்டகம். ஒரு காலத்தில் ஒவ்வொரு டைப்பிங் கடையிலும் ஒவ்வொரு எழுத்துரு. ஒன்றில் அடித்த கடிதத்தை இன்னொன்றில் திறந்தால் எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி இருக்கும். அதைப் படிக்கிற தமிழாக மாற்றிக் கொடுத்த முதல் இலவச நிரல் நாற்பத்தொன்றாம் இதழின் சிடியில்தான் வந்தது. பத்திரிகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். அன்றைக்கு எல்லாரும் புனைபெயரில் எழுதினார்கள். ஒட்டகம் யார் என்று முதல் ஆசிரியருக்கு மட்டும் தெரியும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முந்நூறாவது இதழின் கடைசிப் பக்கத்தில் எடிட்டர் விளம்பரமே வைத்திருந்தார்: 'ஒட்டகம் யார்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.'

"வீட்டுல என்ன சொன்ன?" என்றார் பிழையக்கா.

"நான் எழுதினதுன்னு சொன்னேன்."

"கட்டைவிரல் ஏன் இங்க இருக்கு?"

"தேதி இருக்குதுக்கா, அதுக்கடியில."

எடிட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அந்த இதழ் வந்தப்ப உனக்கு நாலு வயசு இருக்குமா ஒட்டகம் சார்?"

யாரும் சிரிக்கவில்லை. லேஅவுட் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் காது மடல் சிவந்திருந்தது. தன்னால் அவருக்கும் வெட்கமாகிவிட்டது என்று நினைத்து ஸ்கேனர் இன்னும் குறுகினான்.

எடிட்டர் நேரே விஷயத்துக்கு வந்தார். ஸ்கேனர் இந்த நாட்டில் இன்னும் ஒரு வருஷம் தங்க அனுமதி வேண்டுமென்றால் ஆபீஸ் கடிதம் வேண்டும். நாளை நாலு மணிக்குள் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். அடித்து வைத்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி.

"இதழ் வந்தா கையெழுத்து வரும். பொய் சொல்றவனுக்கு நான் எப்படி நற்சான்று குடுக்கிறது, நீயே சொல்லு."

ஒரு பொய் வெளுத்த பிறகு உண்மைக்கும் அதே சாயம்தான்.

10.20. பிழையக்கா அவனை மட்டும் பின்னறையில் நிறுத்தினார். "உன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

முதல் நாள் கொடுத்ததேதான் என்றான் அவன். புதிதாக வருகிறவர்களுக்கு 'புதுசு123' என்று போட்டுக் கொடுப்பார்கள், அன்றே மாற்றிவிடச் சொல்வார்கள். எட்டு மாதமாகியும் அவன் மாற்றவில்லை.

"அப்போ எல்லாருக்கும் தெரியும்."

"ஆமாக்கா."

"கம்ப்யூட்டர் பத்திரிகையில வேலை பார்க்கிற," என்று மட்டும் சொன்னார்.

அவர் அவனுடைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். இதழுக்கு ஒன்றாக இருநூற்றுப் பதினொரு பதிவு. இடையிடையே தலையை உயர்த்தி மூலையில் திறந்து கிடந்த அவன் லேப்டாப்பைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த ஆபீசில் மூன்று நேரம் ஓடும் என்பது பழைய வேடிக்கை. சுவர் நேரம் ஒன்று. அச்சகத்துக்குப் பக்கங்கள் தாமதமாகக் கூடாதென்று, லேஅவுட் அண்ணன் தன் மெஷினை வருஷக்கணக்காக இருபது நிமிஷம் முந்த வைத்திருந்தார். அது லேஅவுட் நேரம். அம்மா எப்போது எழுவார், எப்போது படுப்பார் என்று கணக்குப் போடாமல் தெரிய வேண்டுமென்று, ஸ்கேனர் லேப்டாப்பில் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் வீட்டு நேரத்தை மாற்றவேயில்லை, அது மூன்றாவது. முதல் வாரம் ஒரு கூட்டத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்து எல்லார் வாயிலும் விழுந்தான்.

11.00. பிழையக்கா பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் ஒரே ஒரு வரி போட்டார். 'நாற்பத்தொன்றாம் இதழின் சிடி யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் அப்படியே நகலெடுத்து ஏற்றவும்.'

மதியம் யாரும் அவனோடு சாப்பிடவில்லை. அவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். ஃபோனில் அக்காவின் செய்தி வந்திருந்தது. அவன் அனுப்பிய படத்தை அப்பா பெரிதாக அச்சடித்து, ஃபிரேம் போட்டு, சைக்கிள் கடையில் காற்றடிக்கும் பம்புக்கு மேலே மாட்டியிருக்கிறார். காற்றடிக்க வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். அம்மாவுக்குப் படிக்க வராது. ஆனால் அவன் கட்டைவிரல் அதில் இருப்பதுதான் அம்மாவுக்குச் சந்தோஷம். சின்ன வயதில் கடையில் செயினில் சிக்கின தழும்பு அப்படியே தெரிகிறதாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் தொட்டுக் காட்டுகிறாராம்.

அவன் கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

3.15. வாசகர் பக்கத்தில் ஏழு நகல்கள் வந்துவிட்டன. ஒருவர் அந்த சிடியைக் காக்கை விரட்டத் தோட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். கழற்றி அலம்பிப் போட்டேன், ஓடுகிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், ஆடும் மேஜைக்கு முட்டுக் கொடுத்ததை எடுத்துவிட்டேன், மேஜை இப்போது ஆடுகிறது, அதற்கும் ஒரு பிழைதிருத்தம் போடுங்கள் என்று கேட்டிருந்தார்.

4.00. லேஅவுட் அண்ணன் வழக்கம்போல டீயைக் கொண்டுவந்து வைத்தார். பிழையக்கா அதைத் தொடவில்லை. எடிட்டரைக் கூப்பிட்டார். ஸ்கேனர் கதவோரம் நின்றான்.

"சார், காலையில நாம திரையில தெரிஞ்ச நேரத்தைப் பார்த்தோம். பதிவைத் திறந்து பார்க்கலை. ஒவ்வொரு பதிவுக்குள்ளயும் அதைப் போட்ட மெஷின் எந்த நாட்டு நேரத்துல ஓடுதுன்னு ஒரு வால் இருக்கும். திரையில அந்த வாலை வெட்டிட்டு நம்ம நேரமாத்தான் காட்டும்."

இருநூற்றுப் பதினொரு பதிவிலும் ஸ்கேனரின் வீட்டு நேரத்தின் வால் இருந்தது. நேற்று மாலைப் பதிவில் மட்டும் இந்த ஊர் வால். அதைப் போட்டது அவன் லேப்டாப் இல்லை. அவன் பெயரைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் மெஷின் ஒன்று போட்டிருக்கிறது.

எடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆறு நாப்பதுக்கு ஆபீஸ் பூட்டியாச்சு. பேய் வந்து அடிச்சுதா?"

"ஆறு நாப்பதுன்னு சொன்னது அந்த மெஷினோட கடிகாரம் சார். சுவரு இல்ல."

பிழையக்கா கையை நீட்டவில்லை, பெயரும் சொல்லவில்லை. ஆனால் எல்லார் தலையும் தானாகத் திரும்பியது. சுவரில் மணி 4.06. லேஅவுட் மேஜைத் திரையில் 4.26.

"நேத்து சுவர் நேரம் ஆறு இருபதுக்கு நான் குடையைத் தேடிட்டிருந்தேன். நீங்க அச்சகத்தோட போன்ல இருந்தீங்க. அண்ணன் அவர் மெஷின்ல இருந்தார்."

லேஅவுட் அண்ணன் வாதாடவில்லை. எழுந்து போய், தன் கீபோர்டுக்கு அடியில் கிடந்த காகிதக் கட்டைத் தூக்கி, நாற்பத்தொன்றாம் இதழை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ஆபீசை விட்டு அது வெளியே போகவே இல்லை.

"கிழிச்சுப் போடலாம்னுதான் எடுத்தேன். கை வரலை."

எடிட்டருக்கு இன்னும் புரியவில்லை. பிழையக்கா, வாசகர்கள் ஏற்றிய ஏழு நகல்களிலும் எழுத்துரு மாற்றியின் மூலக் கோப்பைத் திறந்து காட்டினார். ஏழிலும் முதல் வரி ஒன்றுதான். இன்று உலகம் முழுக்கப் புழங்குகிற கோப்பில் அந்த இடத்தில் 'எழுதியவர்: ஒட்டகம்' என்று இருக்கும். பின்னால் யாரோ மாற்றியது. ஆனால் சிடியில் அச்சடித்தது அச்சடித்ததுதான். அதில் 'எழுதியவர்: கால்புள்ளி' என்று இருந்தது.

கால்புள்ளி யார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஒட்டகம் யாருன்னு கேட்டு விளம்பரம் வெச்சீங்களே சார்," என்றார் பிழையக்கா. "அதைப் படிச்சுட்டு எவனாவது பழைய சிடியைக் கிளறுவான்னு பயந்துட்டார். ஒரு காப்பியை ஒளிச்சு வெச்சார். அதனாலதான் இன்னிக்கு ஏழு காப்பி வந்திருக்கு. ஊருக்கெல்லாம் நகல் குடுத்துட்டு வீட்டுல இருக்கிறதைத் திருடுற புத்தி, நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் வரும்."

லேஅவுட் அண்ணன் டீ டம்ளரைப் பார்த்தே பேசினார். பிழையக்கா வாசகியாக இருந்தபோது தபாலில் அனுப்பிய நிரலைச் சிடியில் ஏற்றியவர் அவர். ஓடவிட்டுப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துப்போனதாம். அடுத்த இதழுக்கு அதைப் பற்றி ஒட்டகம் என்ற பெயரில் கட்டுரையும் எழுதினார்.

"யாருய்யா பண்ணதுன்னு கேட்டார் அப்போ ஆசிரியரா இருந்த பெரியவர். நான்தான்னு வாயில வந்துடுச்சு. மறுநாள் சொல்லிடலாம்னு நினைச்சேன். மறுநாள் ஒட்டகம் யாருன்னே தெரியாம எல்லாரும் கை தட்டினாங்க." டம்ளரைப் பிழையக்கா பக்கம் நகர்த்தினார். "ஆறாவது மாசம் நீ வந்து எதிர்ல உட்கார்ந்துட்டம்மா. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட சொல்றது? டீ கொண்டுவந்து வைக்கத்தான் தெரிஞ்சுது."

பிழையக்கா தன் கதையைச் சொன்னார். ஒட்டகம் என்று வந்தது அச்சுப்பிழையாக இருக்கும், அடுத்த மாதம் திருத்தம் வரும் என்று அவர் முதலில் காத்திருந்தாராம். பிறகு திருத்தம் போடுகிற வேலையே அவரிடம் வந்தது. நிரலின் ஒரு நகல் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் தானே நீட்டினால், தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டாள் என்பார்கள்.

"ஊரான் தப்பை எல்லாம் பேரோட போட்டேன். எனக்கு என் பேரைக் குடுங்கன்னு கேட்க வெட்கமா இருந்துச்சு. என் பேரை எடுத்தது இந்த ஆபீஸ்ல எந்த மேஜைன்னு தெரியாமலே இருபது வருஷம் டீ குடிச்சிருக்கேன்."

லேஅவுட் அண்ணன் ஸ்கேனர் பக்கம் திரும்பினார். பட்டியல் வேலை உன்னுடையது, உன் பெயரில் போட்டால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று நினைத்தேன், நாளைக்கு உனக்குக் கடிதம் வேண்டும் என்பது அப்போது நினைப்பிலேயே இல்லை, காலையில் எடிட்டர் சொன்னபோதும் வாயைத் திறக்காமல் நின்றேனே என்றார்.

ஸ்கேனருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போட்டிருந்த கோட்டு அவருடையது. தவிர, எந்த நிரலின் பெருமையை இவர் திருடினாரோ, அதைப் பற்றிய கட்டுரையைத்தான் அவனும் திருடியிருக்கிறான். இவருக்கு இருபத்தொரு வருஷம் ஆயிற்று. அவனுக்கு மூன்று நாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

4.40. எடிட்டர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஒட்டகம் சார் என்று கூப்பிட்டதை நினைத்தாரோ என்னவோ, கடிதத்தைக் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பிழையக்கா இழுப்பறையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து லேஅவுட் அண்ணன் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார். தன் பெயரை எழுதவே அவருக்கு இரண்டு நிமிஷம் ஆனது. அவர் எழுதி முடிக்கும்வரை பிழையக்கா ஆறிப்போன டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்.

ஸ்கேனர் தன் மேஜைக்குத் திரும்பினான். நாற்பத்திரண்டாம் இதழ் அங்கே கிடந்தது. அதன்மேல் இன்னொரு வெற்றுப் படிவம். யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. பிழையக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லேப்டாப்பில் மணி 8.25. அம்மா இன்னும் படுத்திருக்கமாட்டார். அவன் மாடிப்படிக்குப் போனான். பேச ஆரம்பித்தான், நிறுத்தினான், எல்லாவற்றையும் அழித்தான். மறுபடி ஆரம்பித்தான்.

பெயர்: சின்னவன். வயது: இருபத்தைந்து. இருக்கிற இடம்: ஆபீஸ் மாடிப்படி. செஞ்ச தவறு: அந்தக் கட்டுரை நான் எழுதினது இல்ல. அது வந்தப்ப எனக்கு நாலு வயசு. கட்டைவிரலுக்கு அடியில இருக்கிறது தேதி. நான் இங்க எழுத்தாளரும் இல்ல. பழைய இதழ்களை ஸ்கேன் பண்றேன், இதுவரைக்கும் இருநூத்திப் பதினொண்ணு பண்ணியிருக்கேன், அது மட்டும் நிஜம். நாளைக்கு நாப்பத்தொண்ணு. படிக்கிறவங்களுக்கு வேண்டுகோள்: அக்காவோ அப்பாவோ, யார் முதல்ல படிச்சாலும், இதை அம்மாவுக்குச் சத்தமா ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. அப்புறம் பம்புக்கு மேல இருக்கிற படத்தைக் கழற்றிடுங்க. ஆணி மட்டும் இருக்கட்டும்.